எட்டுக் கிலோவும் உன் தம்பியும்

என் ராசாத்தி ருக்குமணிக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் கை போகிறது. நாலு வருசமாக நீ இருக்கிற இடத்தில் சௌக்கியத்துக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? அதனால் நேராக விசயத்துக்கு வருகிறேன். உன் தம்பி தங்கவேலு ஒன்பது வாரமாகத் திருச்செங்கோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். இடது தொடை எலும்பு முறிந்துபோச்சு.

பதறாதே, இப்போது தேவலை. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இத்தனை நாளும் கூடவே இருந்து அவனுக்குப் பணிவிடை செய்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். சிரிக்காதே புள்ள. உனக்கு ஒரு சுடுதண்ணி வைத்துக் கொடுக்கத் தெரியாத அதே ஆள்தான்.

இருபத்தாறு வருசம் ரிக் வண்டி ஓட்டினவன் உன் தம்பி. தண்ணிக்குப் போர் போடுகிற அத்தனை பெரிய லாரியை ராஜஸ்தான் மணலிலும் சத்தீஸ்கர் காட்டிலும் ஓட்டி, ஒரு கீறல் விழாமல் ஊர் வந்து சேர்ந்தவன். அவன் விழுந்தது எங்கே தெரியுமா? எருமப்பட்டியில் அவனுடைய கோழிப்பண்ணை வாசலில், ஒரு டிவிஎஸ் வண்டியிலிருந்து. தீவன மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். குறுக்கே ஒரு மயில் ஓடியிருக்கிறது. மயிலுக்கு வழி விட்டவன் தான் போக வழியில்லாமல் கல்லுக்கால் மேல் விழுந்திருக்கிறான். மூட்டை அவன் மேல் விழுந்திருக்கிறது.

"அடிபட்டாலும் முருகனோட வண்டியில அடிபட்டிருக்காரு பாருங்க, ஏனோதானோ வண்டி இல்லே" என்று அவன் பெண்டாட்டி சாந்தி அழுதுகொண்டே சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை.

ஆபரேசன் செய்து உள்ளே கம்பி வைத்துவிட்டால் நாலு நாளில் உட்கார வைத்திருக்கலாமாம். ஆனால் உன் தம்பிக்கு அதற்கு அஞ்சு மாசம் முன்னால்தான் இருதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இது நீ போன பிறகு நடந்தது, உனக்குத் தெரியாது. ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறான். அதை நிறுத்தினால் இருதயத்துக்கு ஆபத்து, நிறுத்தாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. அதனால் டாக்டரம்மா இழுத்துக் கட்டுகிற வைத்தியம் என்றார்.

அது எப்படி என்று உனக்குச் சொல்கிறேன், கேளு. முழங்காலுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, எலும்புக்குக் குறுக்கே ஒரு கம்பியைச் செலுத்துகிறார்கள். கம்பியில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருக்கிற கப்பி வழியாக விட்டு, மறுபக்கம் எட்டுக் கிலோ இரும்பைத் தொங்கவிடுகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற எலும்பு அந்த இழுப்பில் மெல்ல இறங்கி நேராகும். ராத்திரி பகல் தொங்க வேண்டும். எட்டு ஒன்பது வாரம்.

"நேரா சேரலைன்னா?" என்று சாந்தி கேட்டாளாம்.

"கால் குட்டையாப் போயிரும். இல்லேன்னா, இருதயம் தாங்குதோ தாங்கலையோன்னு தெரியாம ஆபரேசன் பண்ணோணும்" என்றாராம் டாக்டரம்மா.

தங்கவேலு ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம். "இது கிளட்ச் காலுங்க. மறுபடி வண்டி ஓட்டலாமுங்களா?" "மொதல்ல எலும்பு சேரட்டும்" என்றாராம் டாக்டரம்மா. அவனுக்கு வண்டி என்றால் என்ன என்று உனக்குத் தெரியாததா? சம்பளத்துக்கு ஓட்டினவனா அவன்?

இதில் நான் எப்படி வந்து மாட்டினேன் என்று கேட்பாய். அது ஆம்பளை வார்டு. துணைக்கு ஆம்பளைதான் இருக்க வேண்டும். சாந்தியோ அஞ்சாயிரம் கோழியை விட்டுவிட்டு வர முடியாது. கோழி யாருக்காகவும் முட்டை போடுவதை நிறுத்தாது. அவர்களுக்குப் பிள்ளைகுட்டியும் இல்லை. நம் கீதா ஈரோட்டிலிருந்து போன் போட்டாள்.

"அப்பா, மாமனுக்குத் துணைக்கு நீங்க போயிருங்க."

"நானா? அவன் மூஞ்சியில முழிச்சு நாலு வருசமாச்சு சாமி."

"மூஞ்சியில யாரு முழிக்கச் சொன்னா? பெட்பேன் வெச்சா போதுமுங்க."

வாய் உன் வாய் அப்படியே. கல்யாணம் ஆகியும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

நாலு வருசப் பகை உனக்குத் தெரியாது. உன் பதினாறாம் நாள் காரியத்தில், இலை எடுக்கிற நேரம், நூறு பேர் முன்னால் உன் தம்பி என்னைப் பார்த்துக் கேட்டான்: "பக்கத்துலயே படுத்திருந்த மனுசனுக்கு அக்கா வலியோட கிடக்கிறது தெரியலியா? மூணு மாசம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எங்கக்கா இன்னைக்கு உசுரோட இருப்பா." நான் எச்சில் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் கேட்டது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு மறந்திருப்பேன். அதற்குப் பிறகு அவன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவனும் வரவில்லை.

அப்படிப்பட்டவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்ப் பாயை விரித்தேன். அவன் விட்டத்தைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் மலை தெரியும். மூணு நாள் நான் அந்த மலையைப் பார்த்த மாதிரி மலை ஏறிச் சாமி கும்பிட வந்தவன்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

"சிஸ்டர், அவருகிட்டத் தண்ணி வேணும்னு சொல்லுங்க" என்பான்.

"சிஸ்டர், தண்ணி தலைமாட்டுலயேதான் இருக்குதுன்னு சொல்லுங்க" என்பேன்.

அந்தச் சிஸ்டர் புள்ளைக்கு நம் கீதா வயசுதான் இருக்கும். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூணாம் நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானுங்களே கேக்குது? நான் ஊசி போட வந்தனா, தூது போக வந்தனா?"

நாலாம் நாள் காலையில் இயற்கை குறுக்கே வந்தது. உன் தம்பி முகம் வேர்த்துக் கொட்டுகிறது. சிஸ்டர் வேறு வார்டில். தலைக்கு மேலே ஒரு பிடி தொங்கும், அதைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை ஊன்றி இடுப்பைத் தூக்கினான். நான் பெட்பேனை எடுத்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, அடியில் தள்ளினேன்.

"திருப்பிப் போடுங்க மாமா" என்றான்.

தலைகீழாக வைத்துவிட்டேன் ருக்கு. நாலு வருசம் கழித்து உன் தம்பி என்னிடம் பேசின முதல் வார்த்தை அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்துவிட்டது, ஆனால் இடுப்பைத் தூக்கிக்கொண்டு சிரிக்க முடியுமா? "சிரிக்க வெக்காதீங்க, ஒடஞ்ச எலும்பு ஆடுது!" என்று கத்தினான். ரெண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள் பஞ்சாயத்துப் பேசியும் ஆகாத சமாதானம் இப்படி ஆச்சு.

அப்புறம் நான் ஒரு மாதிரி வேலை கற்றுக்கொண்டேன். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் பார்க்க வேண்டும். முதுகுக்கு அடியில் கை விட்டுத் துடைத்துப் பவுடர் போட வேண்டும். ஒரு இடம் சிவந்துவிட்டால் புண்ணாகிவிடும். கால்விரலை ஆட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆள் கால்மாட்டுப் பக்கம் சரிந்தால் மேலே ஏற்ற வேண்டும். மலச்சிக்கலுக்குப் பப்பாளி. ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடத்துக்குப் பயந்து ஓடினவன், ஒரு நோட்டுப் போட்டு மூத்திர அளவு எழுதினேன். சிஸ்டர் பார்த்துவிட்டு, "அய்யா, ஸ்பூன் கணக்கெல்லாம் வேண்டாமுங்க" என்றாள்.

இனிமேல் வருவதைப் படிக்கும்போது நீ தலையில் அடித்துக்கொள்வாய். அடித்துக்கொள்.

அவன் இருபத்தாறு வருசம் ரிக் டிரைவர். நான் இருபத்திரண்டு வருசம் குழிக்குள் ராடு இறக்குகிற டிரில்லர். கயிறு, கப்பி, பாரம் இந்த மூன்றும் தொங்குகிற ஒரு இடத்தில் எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும்? வாய் சும்மா இருக்குமா?

"இதென்ன முடிச்சு மாமா, பாவாடை நாடா கட்டுற மாதிரி. நம்ம வண்டியில இப்படிக் கட்டியிருந்தா ராடு மொத்தமும் பாதாளத்துக்குப் போயிருக்கும்."

"கப்பிக்கு ஒரு சொட்டு கிரீஸ் வெச்சிருக்கானா பாரு மாப்ளே. மழை காலத்துக் கெணத்துத் தவளை மாதிரிக் கத்துது."

ரிக் வேலையில் ஒரு சட்டம் உண்டு. வேலை நின்றால் பாரம் தரைக்கு வந்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் சரி, டீ குடிக்கப் போனாலும் சரி, கயிறு இழுக்கிற வின்ச்சில் ராடு தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. தொங்கவிட்டுச் சாப்பிட்டவனை நான் சோற்றுத் தட்டோடு எழுப்பி விரட்டியிருக்கிறேன். அது எங்கள் ரத்தத்தில் ஊறின சட்டம்.

ரெண்டாவது வாரம், மத்தியானம் சாப்பிடுகிற நேரம் அவன் தொடை துடித்தது. பல்லைக் கடித்தான். "மாமா, சித்தே அதை எறக்கி வெய்யுங்க. சாப்பாட்டு நேரம்தானுங்களே, இப்ப என்ன வேலையா நடக்குது?"

கேட்கிறது நியாயமாகத்தானே பட்டது! சிஸ்டர் எடையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தாள்தான். ஆனால் அந்தப் புள்ளைக்கு ரிக் வேலை தெரியுமா, பாவம்? நான் வாளியைக் கவிழ்த்து வைத்து, மேலே துண்டை மடித்துப் போட்டு, எட்டுக் கிலோவை அதன் மேல் பதவிசாக உட்கார வைத்தேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "உசுரு வந்துச்சு மாமா" என்று ஏழு இட்லி சாப்பிட்டான். மத்தியானத்தில் இட்லி யார் கொடுத்தார்கள் என்று கேட்காதே, சாந்தி காலையில் கொடுத்தனுப்பினது.

அதிலிருந்து வேளா வேளைக்கு எடைக்கும் ஓய்வு. காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், மத்தியானத்துக்கு ரெண்டு மணி நேரம், சாயங்கால டீக்கு ஒரு தடவை. சிஸ்டர் செருப்புச் சத்தம் கேட்டால் எடை தொங்கும், வாளி கட்டிலுக்கு அடியில் போகும். அஞ்சு நாள் இப்படி நடந்தது. "இந்த வைத்தியத்தை நம்மகிட்டக் கேட்டிருந்தா இன்னும் நல்லா அமைச்சிருப்போம்" என்று பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டோம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பேசிக்கொண்டோம்.

ஆறாம் நாள் டாக்டரம்மா செருப்புச் சத்தமே இல்லாமல் வந்துவிட்டார். உன் தம்பி தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எடை வாளி மேல் உட்கார்ந்திருக்கிறது. டாக்டரம்மா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு இதை எடுத்து வெச்சது?"

"நாந்தானுங்க சொன்னேன். மாமா மேல தப்பு இல்லீங்க" என்றான் தங்கவேலு.

"அவன் சும்மா சொல்றானுங்க. நாந்தான் வெச்சேன். சாப்பாட்டு நேரத்துல பாரம் தொங்கக்கூடாதுங்கறது எங்க தொழில்ல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"என்ன தொழில்?"

"ரிக்குங்க."

அந்தம்மா எடையைத் தூக்கித் தொங்கவிட்டார். "எங்கப்பாவும் ரிக்குதான்" என்றார் அப்புறம். "போர் ஓடிட்டிருக்கும்போது, ஐநூறு அடியில, நடுவுல காத்தடிக்கிற கம்ப்ரசரை நிறுத்தினா என்னங்க ஆகும்?"

"மேல தள்ளுன தூளு அத்தனையும் எறங்கி, கீழ தொளைக்கிற பிட்டு மாட்டிக்குமுங்க."

"அதேதான் உள்ளே நடந்திருக்கு. தசை எலும்பைத் திரும்ப இழுத்திருக்கும். வேலை நின்னுபோச்சுன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. அது ராவும் பகலும் நடக்கிற வேலை."

எக்ஸ்ரே எடுத்தார்கள். இறங்கி வந்திருந்த எலும்பு மறுபடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா ரெண்டு கிலோ கூட்டினார். "ஒரு வாரம் பார்ப்போம். திங்கக்கிழமை எக்ஸ்ரேயில எறங்கியிருந்தா சரி. இல்லேன்னா ரெண்டு வழிதான். குட்டைக் காலோட விட்டுரலாம், இல்லே இருதய டாக்டரைக் கேட்டுட்டு ஆபரேசனுக்குத் துணியலாம்." உன் தம்பி கிளட்ச்சைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா போன பிறகு நான் அவன் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். அக்காளைத்தான் கவனிக்கவில்லை, என்னையும் இப்படிப் பண்ணிப்போட்டீங்களே என்று சொல்லுவான் என்று நினைத்தேன். சொன்னால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வது என்று தயாராகவும் இருந்தேன். அவன் யூரின் பாட்டில் கேட்டான். கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னான்.

"மாமா, அக்கா எங்கிட்டச் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"வயித்துல கட்டி மாதிரி இருக்குதுன்னு. கீதா கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கும்போது. நான் சத்தீஸ்கர்ல போர் போட்டுட்டிருந்தேன். போன்ல சொன்னாங்க. கல்யாணம் முடியட்டும், மாமாகிட்டச் சொல்லாதே, அவருக்குத் தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திப்போடுவாருன்னு சத்தியம் வாங்கிப்போட்டாங்க. நான் மூணு தடவை உங்களுக்குப் போன் எடுத்தேன். மூணு தடவையும் வண்டி விசயம் பேசிட்டு வெச்சுட்டேன்."

அவன் அழுதான். "என்னைத் திட்டிக்கிறதுக்குப் பதிலா உங்களைத் திட்டிப்போட்டனுங்க மாமா."

எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து வெளியே போயிருப்பேன் ருக்கு. ஆனால் கையில் நிறைந்த பாட்டில். அதை வைத்துக்கொண்டு எந்த மனிதன் ரோசமாக வெளியேற முடியும்? கொண்டுபோய் ஊற்றி, அளவைப் பார்த்து, கழுவிக்கொண்டு வந்தேன். நோட்டில் எழுதினேன். அதற்குள் கோபம் எங்கே போச்சு என்று தெரியவில்லை. நாலு வருசம் தனித்தனியாக ரெண்டு பேரும் ஒரே பாரத்தைச் சுமந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

"போச்சு உடு மாப்ளே. உங்கக்கா சத்தியம் வாங்கினா எமனே மீற மாட்டான்" என்றேன்.

உன்னைத்தான் ஒன்று கேட்க வேண்டும் புள்ள. கல்யாணத்தை நிறுத்திவிடுவேன் என்று நினைத்தாயே, நிறுத்தியிருப்பேன்தான். நிறுத்தினால் என்ன ஆகியிருக்கும்? கீதாவுக்கு ஆறு மாசம் கழித்து நடந்திருக்காதா? நீயும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இன்றைக்கு வரைக்கும் சம்பந்தி வீட்டுப் புடவையைக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்க மாட்டாயா? சரி, விடு. அவனிடம் விடு என்று சொல்லிவிட்டு உன்னிடம் விடாமல் இருந்தால் எப்படி?

அந்த ஒரு வாரம் நான் அந்தப் பத்துக் கிலோவுக்குக் காவல் கிடந்தேன். கயிறு கப்பியின் பள்ளத்தில் ஓடுகிறதா, எடை தரையைத் தொடாமல் நிற்கிறதா, போர்வை கயிற்றில் உரசுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தரையைத் துடைக்க வந்த அம்மா துடைப்பத்தை அந்தப் பக்கம் நீட்டினால் பாய்ந்து போவேன். "ஏனுங்க, அது என்ன உங்க சாமியா?" என்று கேட்டார். வலி வந்தபோதெல்லாம் அவன் கையை நீட்டுவான், நான் பிடித்துக்கொள்வேன். எடையை மட்டும் தொட மாட்டேன். "அதைத் தொடாதீங்க மாமா" என்று அவனே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வான்.

சாந்தி ஒரு நாள் முட்டைக் குழம்போடு வந்தாள். பையை எங்கே வைப்பது என்று பார்த்தாள். எடை தொங்குகிற கொக்கி வாகாகத் தெரிந்திருக்கிறது. பையை அதில் மாட்டப் போனாள்.

"அதுல மாட்டாதே தாயி! உன்ற புருசன் நீண்டுபோயிருவான்!" என்று கத்தினேன். வார்டே சிரித்தது. சாந்தி மட்டும், "நீளட்டுமுங்க அண்ணா, பரண்ல இருக்கிற சாமான் எடுக்க ஆவும்" என்றாள்.

திங்கட்கிழமை எக்ஸ்ரே மிசினைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். வராந்தாவில் நின்றேன். சாமி கும்பிட வாய் வரவில்லை, உன் பேர்தான் வந்தது. அரை மணி கழித்து டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னைக் கூப்பிட்டார்.

"பாருங்க டிரில்லர் அய்யா. இப்ப எப்படி இருக்குது?"

எனக்கு எக்ஸ்ரே படிக்கத் தெரியுமா? ஆனால் நேர்க்கோடு தெரியும். ஆயிரம் அடிக்கு ராடு நேராக இறக்கினவன் கண்ணுக்கு அது தெரியாதா? ரெண்டு துண்டும் ஒரே கோட்டில் நின்றன. வார்டுக்குள் ஓடி, "குழி நேராப் போகுது மாப்ளே!" என்று கத்தினேன். சிஸ்டர் விரலை வாயில் வைத்துக் காட்டினாள். அவன் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மீதி வாரங்கள் ஓடியே போச்சு. நான் அவனுக்குச் சவரம் செய்துவிட்டேன். மீசையில் ஒரு பக்கம் ஏறிவிட்டது, அதைச் சரிசெய்யப் போய் இன்னொரு பக்கமும் ஏறி, கடைசியில் மீசையே இல்லை. சாந்தி பார்த்துவிட்டு இது யார் என்று கேட்டாள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று போன வாரம் கம்பியை எடுத்தார்கள். டாக்டரம்மா டேப்பை வைத்து ரெண்டு காலையும் அளந்தார். அரை விரல்கடை வித்தியாசம். "செருப்புக்குள்ள ஒரு அட்டை வெச்சா தெரியாது. அஞ்சாறு மாசம் கழிச்சு வண்டி எடுக்கலாம்" என்றார். அவன் உடனே இடது பாதத்தை மெத்தையில் மெல்ல அமுக்கிப் பார்த்தான். என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் நடக்க மாட்டேன் என்றுவிட்டான். வாக்கரைக் கொடுத்தார்கள். பாரம் போடாமல் காலைத் தரையில் தொட்டுத் தொட்டுப் போகலாம் என்றார்கள். எழுந்து நிற்பான், வேர்த்துப்போகும், உட்கார்ந்துவிடுவான். "மறுபடி முறிஞ்சுதுன்னா?" என்பான். மூணு நாள் இதே பாட்டு. நான் கெஞ்சினேன், திட்டினேன், மயிலுக்குப் பயந்தவன் என்று கேலி செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் நான் தண்ணிப் பாட்டிலை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிசம் நின்றேன். கொஞ்ச நாளாக அப்படித்தான், நிமிர்ந்தால் தலை சுற்றும், பின்மண்டை வலிக்கும். கட்டிலில் கிடப்பவனுக்கு வேறு என்ன வேலை? பார்த்திருக்கிறான்.

"மாமா, நேத்தும் சுவத்தைப் புடிச்சீங்க. முந்தாநாளும் புடிச்சீங்க. எத்தனை நாளா?"

"வெயிலு மாப்ளே. பங்குனி பொறந்துருச்சல்ல."

"எத்தனை நாளா மாமா?"

"ஒரு மாசம் இருக்கும். நீ மொதல்ல ஊடு போய்ச் சேரு. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் ருக்கு, அது யார் பேச்சு என்று எனக்கே உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். வாக்கரைப் பக்கத்தில் இழுத்தான். எழுந்தான். இந்தத் தடவை உட்காரவில்லை.

"வாங்க."

"எங்கே?"

"டாக்டர் ரூமுக்கு. நடங்க முன்னால. அங்கே நான் பேசறதுக்குக் குறுக்கே வாயை மட்டும் தொறக்காதீங்க."

வாக்கரை ஒரு தட்டு, நல்ல கால் ஒரு எட்டு. அரை மீசைகூட இல்லாத ஆள், கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வார்டுக் கதவைத் தாண்டி, வராந்தா முழுக்க என்னை முன்னால் விட்டுப் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தான். நான் நின்றால், "நிக்காதீங்க" என்பான். சிஸ்டர் கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தாள். டாக்டரம்மா அறை வாசலில் சீட்டு எழுதுகிறவர் கேட்டார்: "நோயாளி யாருங்க?"

"அவரு. நான் கூட வந்தவன்" என்றான் உன் தம்பி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு.

பிரசர் நூற்றி எண்பதைத் தொட்டுக்கொண்டு இருந்ததாம். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் எங்கேயாவது விழுந்திருப்பேன் என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்திருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். சாந்தி ஊறுகாய்ப் பாட்டிலை இப்போதே என் கண்ணில் படாமல் ஒளித்துவிட்டாள். உன் தம்பி என் தலைமாட்டில் மாத்திரைக்கு நேரம் எழுதி ஒட்டியிருக்கிறான். இவன் எனக்குத் துணையா, நான் இவனுக்குத் துணையா என்று சிஸ்டர் கேட்கிறாள்.

நாளைக்கு அவனை எருமப்பட்டிக்குக் கூட்டிப் போகிறேன். இரண்டு வாரம் அங்கேயே இருக்கப் போகிறேன், கோழிக்குத் தீவனம் போட ஆள் வேண்டுமாம். டிவிஎஸ் வண்டியை மட்டும் தொட மாட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் ருக்கு. இனி எனக்கு எங்கே வலித்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுவேன். உன் தம்பியிடம் சொல்வேன், கீதாவிடம் சொல்வேன், யாரும் இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடமாவது சொல்வேன். எந்தக் கல்யாணமும் எந்த அறுவடையும் முடியட்டும் என்று காத்திருக்க மாட்டேன். அதனால் உன்னிடம் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நான் மெதுவாகத்தான் வாரேன்.

தங்கவேலுவுக்கு மாமன், கீதாவுக்கு அப்பன்,
என்றைக்கும் உன்ற ஊட்டுக்காரன்
செல்லமுத்து